அந்த எழுத்து சிரிக்குது, கண்ணு!

போன வருஷம் என் அப்பிச்சி இறந்துபோனார். அப்பிச்சி என்றால் அம்மாவின் அப்பா. கொங்கு நாட்டுக்கு வெளியே இருக்கிற வாசகர்களுக்காக இந்த விளக்கம். வயசு 91. அன்னூர் பக்கம் ஒரு கிராமம். நல்லா வாழ்ந்து, நல்லா சாப்பிட்டு, கடைசி வரைக்கும் யாரையும் தொந்தரவு பண்ணாமல் போய்ச் சேர்ந்த மனுஷன்.

ராத்திரி பத்தரை மணிக்கு வேலை பிரித்தார்கள். ஒருத்தன் பந்தல், ஒருத்தன் சேர், ஒருத்தன் ஐஸ் பெட்டி. ‘நீதான் பத்திரிகைக்காரன், ஃப்ளெக்ஸை நீ பார்த்துக்க’ என்று என்னிடம் தள்ளிவிட்டார்கள். கடைக்கு போன் போட்டேன். ‘‘எழுத்து எப்படிங்ணா போடட்டும்?’’ என்று பையன் கேட்டான். ‘‘ஏதாவது ஒண்ணு போடு தம்பி. கொஞ்சம் பெரிசா, தூரத்துல இருந்து தெரியற மாதிரி’’ என்றேன்.

பதினைந்தே நிமிஷத்தில் வாட்ஸ்அப்பில் ப்ரூஃப் வந்தது. பார்த்தேன். இனிஷியல் சரி. தோற்றம், மறைவு தேதிகள் சரி. கீழே மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரன் பேத்திகள் வரிசை சரி. இந்த வரிசையில் ஒரு பெயர் விட்டுப்போனால் குடும்பம் இரண்டாகிவிடும். எல்லாம் சரிபார்த்துவிட்டு ‘ஓகே’ என்று அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் சந்து முனையில் ஃப்ளெக்ஸ் நின்றது. நடுவில் அப்பிச்சி, ரேஷன் கார்டு போட்டோவின் அதே முறைப்போடு. தலைக்கு மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. ஒவ்வொரு எழுத்தும் கன்னம் உப்பி, தொப்பை தள்ளி, கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ந்து கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்து குதித்துக்கொண்டிருந்தது. ‘ண்’ணின் சுழிகள் முறுக்கு மாதிரி. மூன்று மெய்யெழுத்துக்களின் தலையிலும் மூன்று பலூன்.

துக்கம் கேட்க வந்த ஒரு பாட்டி, அப்பிச்சியை விட ரெண்டு மூணு வயசு சின்னவர், என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார்.

‘‘ஏங்கண்ணு, நான் கைநாட்டு. படிக்கத் தெரியாது. ஆனா என்ற கண்ணுக்கு அந்த எழுத்து சிரிக்கறாப்புல இருக்குதே?’’

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அது சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

* * *

படிக்கத் தெரியாத ஒருவருக்குப் புரிந்தது, எழுதிப் பிழைக்கிற எனக்கு ஏன் புரியவில்லை? அன்றிலிருந்து நான் போர்டுகளைப் படிப்பதை நிறுத்திவிட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை. சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம், புஸ்தகத்துக்கு எழுதுகிறோம். தினமும் கண்ணில் படுகிற எழுத்துருவுக்கு ஏன் எழுதக்கூடாது?

அப்பிச்சி ஃப்ளெக்ஸில் இருந்தது எந்த ஃபான்ட் என்று நான் விசாரிக்கவில்லை. அந்தப் பையன் மேலும் தப்பில்லை. ‘ஏதாவது ஒண்ணு போடு’ என்று சொன்னவன் நான். ஆனால் அந்த ஜாதி எழுத்துக்களில் மிக நல்லதாக ஒன்றை எடுத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். அதன் பெயர் ‘பலூ தம்பி’.

மும்பையில் ‘எக் டைப்’ என்று எழுத்துரு வரைகிறவர்களின் குழு ஒன்று இருக்கிறது. அவர்கள் 2016 வாக்கில் ‘பலூ’ என்கிற குண்டு எழுத்தைப் பல இந்திய மொழிகளுக்கு வரைந்து வெளியிட்டார்கள். பலூ என்றால் ஹிந்தியில் கரடி. ‘ஜங்கிள் புக்’கில் மௌக்லிக்குத் துணையாக வருமே, அதே கரடியின் பெயர். ஒவ்வொரு மொழிக்கும் கரடிக்கு ஒரு உறவுமுறை சேர்த்தார்கள். குஜராத்திக்கு ‘பலூ பாய்’. பஞ்சாபிக்கு ‘பாஜி’. வங்காளத்துக்கு ‘தா’. கன்னடத்துக்கு ‘தம்மா’, தெலுங்குக்கு ‘தம்முடு’, தமிழுக்கு ‘தம்பி’. மலையாளத்துக்கு? ‘சேட்டன்’! தெற்கே மூன்று பேர் தம்பியாக இருக்க, மலையாளி மட்டும் அண்ணனாகிவிட்டார். வாளையாறு தாண்டி வியாபாரம் பண்ணுகிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

தமிழ்த் தம்பியை வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. கடை போர்டுக்கும் போடலாம், கம்பெனி விளம்பரத்துக்கும் போடலாம், யாருக்கும் காசு கட்ட வேண்டியதில்லை.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கோடு போட்டு வரவு இந்தப் பக்கம், பற்று அந்தப் பக்கம் என்று எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும். அப்படியே எழுதுகிறேன்.

முதல் வரவு: எழுத்தைக் குண்டாக்குவது சுலபமில்லை. ஆங்கில ‘ஓ’வைக் குண்டாக்கினால் ஒரு வடை. நடுவில் ஓட்டை கொஞ்சம் சின்னதாகும், அவ்வளவுதான். தமிழில் ‘ண’வைக் குண்டாக்கிப் பாருங்கள். சுழி, அதற்குள் சுழி, பிறகு இன்னொரு வளைவு. கோட்டைத் தடித்துக்கொண்டே போனால் ஓட்டையெல்லாம் அடைத்து, கரி உருண்டை ஆகிவிடும். ‘ஞ’வும் அப்படித்தான், ‘ஐ’யும் அப்படித்தான். அதனால் வரைகிறவர் ஒரு தந்திரம் செய்ய வேண்டும். வெளிக்கோட்டைத் தடிமனாக வைத்து, நெரிசலான இடத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் கோட்டை மெலிய வைக்க வேண்டும். குண்டான ஆள் கூட்டமான டவுன் பஸ்ஸில் மூச்சை இழுத்துக்கொண்டு நகர்வாரே, அந்த மாதிரி. பலூ தம்பியில் இந்த வேலை சுத்தமாக நடந்திருக்கிறது. ‘ண’ குண்டாகவும் இருக்கிறது, மூச்சும் விடுகிறது.

இரண்டாவது வரவு: புள்ளி. நம் மொழியில் ஒரு புள்ளி போனால் அர்த்தம் போச்சு. மெலிந்த எழுத்துக்களில் பஸ்ஸில் இருந்து பார்க்கும்போது முதலில் காணாமல் போவது புள்ளிதான். தம்பியில் புள்ளி நெல்லிக்காய் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. மேம்பாலத்தில் போகிற பஸ்ஸின் ஜன்னலில் இருந்தும் தெரியும்.

மூன்றாவது வரவு: உழைப்பு. நமக்கு 247 எழுத்து என்று பள்ளிக்கூடத்தில் எண்ணிப் படித்தோம். ஃபான்ட் வரைய அத்தனையும் தனித்தனியாக வரைய வேண்டியதில்லை. துணைக்காலையும் கொம்பையும் ஒருமுறை வரைந்தால் எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் கு, கூ, சு, சூ, து, தூ என்று வருகிற 36 எழுத்துக்களில் ஒவ்வொன்றுக்கும் தனி வால், தனி வளைவு. இத்தனையையும் வரைந்து, எல்லாவற்றுக்கும் ஒரே குணம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது பெரிய குடும்பத்தைக் கட்டி மேய்ப்பது போன்றது. இதில் ஒரு எழுத்துகூட ‘நான் இந்த வீட்டுப் பிள்ளை இல்லை’ என்று முறைத்துக்கொண்டு நிற்கவில்லை.

இனி பற்று.

விளையாட்டு எழுத்தின் அழகே ஒன்று போல ஒன்று இல்லாததுதான். கையால் ‘சர்க்கரை’ என்று எழுதினால் முதல் ‘க்’ கொஞ்சம் தலை சாய்க்கும், அடுத்த ‘க’ அதைப் பார்த்துத் தள்ளி நிற்கும். ஃபான்ட்டில் இரண்டும் ஒரே அச்சு. ‘அக்கக்கா’ என்று அடித்தால் நாலு ‘க’வும் ஒரே கோணத்தில் ஒரே அளவு குதிக்கும். ஒருவன் குதித்தால் விளையாட்டு. நாலு பேர் ஒரே மாதிரி குதித்தால் அது பி.டி. பீரியட். ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு மூன்று மாற்று வடிவம் வரைந்து வைத்து, கம்ப்யூட்டரே மாற்றி மாற்றிப் போடும்படி செய்ய முடியும். ஆனால் வேலை மூன்று மடங்கு ஆகும். இலவசமாகக் கொடுக்கிறவரிடம் அதை எப்படிக் கேட்பது?

அடுத்த பற்று இன்னும் பெரியது. இந்தத் தம்பிக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியாது. பிறகு வந்த இரண்டாம் பதிப்பில் மெலிந்ததில் இருந்து குண்டு வரை ஐந்து எடை வந்துவிட்டது. உடம்பு இளைத்தான், சிரிப்பு குறையவில்லை. பேக்கரி போர்டிலும், குழந்தைப் புத்தக அட்டையிலும், யூடியூப் சமையல் வீடியோவின் முகப்பிலும் அவன் ராஜா. நாலு வரிக்கு மேல் போனால் களைப்பாகிவிடும். எப்போதும் ஜோக் சொல்லிக்கொண்டே இருக்கிற மச்சானோடு ராமேஸ்வரம் வரைக்கும் கார் பயணம் போனால் எப்படி இருக்கும்? அப்படி.

கணக்கை நேர் பண்ணினால், லாபம்தான். நல்ல வேலை. நான் சந்தோஷமாகச் சிபாரிசு செய்வேன். ஆனால் ஒரு நிபந்தனையோடு. அது தம்பிக்கான நிபந்தனை இல்லை, நமக்கானது.

* * *

அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை.

தமிழில் அச்சு பிறந்ததே பிரார்த்தனைக்காக. 1578-ல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்கம் கொண்ட கிறிஸ்தவ வேத போதனைப் புத்தகம். பிறகு தரங்கம்பாடிக்கு ஜெர்மனியில் இருந்து எழுத்துக்கள் வார்த்து வந்தன. அவை பெரிதாக இருந்து பேப்பரைத் தின்றதால், சின்ன எழுத்துக்களை இங்கேயே வார்த்தார்கள். ஆக, அச்சுக்கோத்த எழுத்து ஆரம்பத்தில் இருந்தே பக்திமானாகவும் சிக்கனக்காரனாகவும்தான் வளர்ந்தது. சிரிக்க அதற்கு நேரமில்லை, ஈயமும் இல்லை.

அதனால் சிரிப்பு எல்லாம் கைக்குப் போயிற்று. பழைய வாரப் பத்திரிகைகளை எடுத்துப் பாருங்கள். உள்ளே கதை அச்செழுத்தில் இருக்கும். தலைப்பு மட்டும் ஓவியர் கையால். பேய்க்கதை என்றால் எழுத்தில் ரத்தம் சொட்டும். காதல் கதை என்றால் எழுத்து தென்னங்கீற்று மாதிரி ஆடும். நகைச்சுவைக் கதை என்றால் எழுத்து படிக்கட்டில் உருண்டு விழும். கதையின் முதல் வரிக்கு முன்பே நமக்கு மூட் வந்துவிடும். அதை பிளாக் எடுத்து அச்சடிப்பார்கள். சினிமா டைட்டில் கார்டில் ‘டிசைன்ஸ்’ என்று போட்டு பரணி, ஈஸ்வர், உபால்டு என்று பெயர்கள் வருமே, அவர்கள் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு எழுத்தைப் பெற்றெடுத்தார்கள். ஓவியர் ஆதிமூலம் (1938-2008) சிற்றிதழ்களுக்கும் புத்தக அட்டைகளுக்கும் எழுதிய எழுத்துக்களோ வேறு ரகம். சிரிக்காது, அழாது, ஆனால் நின்று யோசிக்க வைக்கும்.

இவர்கள் பெயராவது நமக்குத் தெரியும். பெயர் தெரியாதவர்கள் எங்கள் ஊர் ரோடுகளில் இருந்தார்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரிக்கு பெயின்ட் அடிக்கிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரே லாரியில் குழந்தைகள் பெயர் வளைந்து நெளிந்து, பூ வைத்து, ஷேடு கொடுத்து இருக்கும். குலதெய்வத்தின் பெயர் கம்பீரமாக நெற்றியில். அதே வண்டி டேங்கராக இருந்தால், பின்னால் ‘எளிதில் தீப்பற்றக்கூடியது’ என்பது மட்டும் விறைப்பாக, ஒரு வளைவு நெளிவு இல்லாமல். எங்கே கொஞ்ச வேண்டும், எங்கே அதட்ட வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரியும்.

எங்கள் காலேஜுக்குப் பக்கத்தில் ஒரு பெயின்டர் அண்ணன் இருந்தார். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் வணிகவியல் மன்றத் தொடக்க விழாவுக்குத் துணி பேனர் எழுத அவரிடம் போனேன். விஷயத்தை எழுதிய பேப்பரை நீட்டினேன். அவர் பேப்பரைப் பார்க்கவே இல்லை.

‘‘எதுக்குங்க தம்பி?’’

‘‘காலேஜ் ஃபங்ஷனுங்ணா.’’

‘‘செரி. சிரிச்சாப்புல வேணுமா, நிமிந்தாப்புல வேணுமா?’’

எனக்கு அப்போது அந்தக் கேள்வி புரியவில்லை. ‘நல்லா இருந்தா போதும்’ என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் ‘வணிகவியல் மன்றம்’ நிமிர்ந்து நின்றது, ‘அனைவரும் வருக’ மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. ஒரே பேனரில் ரெண்டு குரல். ஃப்ளெக்ஸ் கடையில் நான் தொலைத்தது இந்தக் கேள்வியைத்தான். ‘எழுத்து எப்படி போடட்டும்?’ என்று பையன் கேட்டதும் அதே கேள்வியின் தேய்ந்த வடிவம்தான் என்று இப்போது தோன்றுகிறது. பதில் சொல்ல வேண்டியவன்தான் தூங்கப் போய்விட்டான்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. பெயின்டர்கள் தப்பும் தவறுமாக எழுதினார்கள். சொன்ன தேதிக்குக் கொடுத்ததில்லை. அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர்களும் உண்டு. இன்றைக்கு ஒரு தள்ளுவண்டி பஜ்ஜிக் கடைக்காரம்மா சில நூறு ரூபாயில் கலர் கலராக போர்டு வைத்துக்கொள்ள முடிகிறது என்றால் அது ஃப்ளெக்ஸும் இலவச ஃபான்ட்டும் கொடுத்த வரம். ஆனால் கையில் எழுதினபோது, தடவைக்குத் தடவை ‘எதுக்கு?’ என்று கேட்காமல் பிரஷ்ஷை பெயின்ட்டில் தோய்க்க முடியாது. கம்ப்யூட்டர் அதைக் கேட்காது. பட்டியலில் முதலில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடும்.

* * *

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. 1994-ல் மைக்ரோசாஃப்ட்டில் வின்சென்ட் கொனேர் என்பவர் ஒரு சாஃப்ட்வேரைப் பார்த்தார். அதில் ஒரு கார்ட்டூன் நாய் பேசுகிறது. பேசுகிற வார்த்தைகள் பேப்பர் தலையங்கத்தில் வருகிற மாதிரியான எழுத்தில். நாய் இப்படியா பேசும் என்று அவருக்குப் பொறுக்கவில்லை. காமிக்ஸ் புத்தகங்களைப் பார்த்து ஒரு எழுத்து வரைந்தார். அதுதான் ‘காமிக் சான்ஸ்’. ‘நாய்க்கு எந்த எழுத்து பொருந்தும்?’ என்று ஒருவர் கேட்டதால் பிறந்த எழுத்து. பிறகு அதை எதையுமே கேட்காமல் உலகமே எடுத்துப் போட்டுக்கொண்டது. நோட்டீஸ் போர்டு, வக்கீல் கடிதம், ஆஸ்பத்திரி அறிவிப்பு.

2012 ஜூலை 4. ஜெனிவா அருகே செர்ன் ஆய்வுக்கூடம். ஹிக்ஸ் போஸான் கிடைத்துவிட்டது என்று அறிவித்த நாள். விஞ்ஞானி ஃபேபியோலா ஜனோட்டி காட்டிய ஸ்லைடுகள் காமிக் சான்ஸில். நூற்றாண்டின் பெரிய அறிவியல் செய்தியைக் கார்ட்டூன் நாயின் குரலிலா சொல்வது என்று உலகம் பூராவும் கிண்டல். செர்ன்காரர்கள் அதை ரசித்தார்கள் போலிருக்கிறது. 2014 ஏப்ரல் 1 அன்று, ‘இனி எங்கள் இணையதளமே காமிக் சான்ஸில்தான்’ என்று அறிவித்து ஏப்ரல் ஃபூல் பண்ணினார்கள்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. எழுத்துக்கள் குழம்பித் தெரிகிற டிஸ்லெக்ஸியா குழந்தைகளுக்குப் படிக்க ஏற்றவை என்று பிரிட்டன் டிஸ்லெக்ஸியா சங்கம் சொல்கிற எழுத்துக்களில் காமிக் சான்ஸும் ஒன்று. அழகான, கண்ணியமான எத்தனையோ எழுத்துக்கள் செய்யாத வேலையை இந்தக் கோமாளி செய்கிறான். ஆக, சிரிக்கிற எழுத்து தரம் குறைந்த எழுத்து இல்லை. அதைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிற பெரிய மனுஷர்களோடு நான் சேரவில்லை.

சிரிப்பே இல்லாத எழுத்துக்கும் எங்கள் ஊர் சாட்சி. 2017 நவம்பரில், விழாவுக்காக அவிநாசி ரோட்டில் அலங்கார வளைவு கட்டிக்கொண்டிருந்த இடத்தில், அமெரிக்காவில் இருந்து ஊருக்கு வந்திருந்த ஒரு இளம் இன்ஜினீயர் பைக் விபத்தில் இறந்துபோனார். சில நாளில் அந்த ரோட்டிலேயே யாரோ பெரிய பெரிய வெள்ளை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார்கள்: அவரைக் கொன்றது யார்? ஷேடு இல்லை, பார்டர் இல்லை. போட்டோ நாடு பூராவும் போயிற்று. அதே கேள்வியைக் குண்டு எழுத்தில் ஃப்ளெக்ஸ் அடித்து வைத்திருந்தால் ஒருத்தரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். எழுதினவர் ஃபான்ட் தேடவில்லை. ‘எதுக்கு’ என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

* * *

விமர்சனம் என்று எழுதிவிட்டு யோசனை சொல்லாமல் போனால் வாசகர்கள் விடமாட்டீர்கள். அடுத்து விளையாட்டு எழுத்து வரையப்போகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு மனு.

ஈரோட்டுப் பெரியார் 1935-ல் ‘குடி அரசு’ பத்திரிகையில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தார். 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு அதை ஏற்று உத்தரவு போட்டது. மாறியவை 13 எழுத்துக்கள். அதில் ணை, லை, ளை, னை நான்கும் அதற்கு முன்னால் வேறு மாதிரி இருந்தன. முன்னால் இரட்டைச் சுழிக்குப் பதிலாக, எழுத்தின் தலையில் இருந்து ஒரு தும்பிக்கை வளைந்து நிற்கும். வயசானவர்கள் கையெழுத்தில் பார்த்திருப்பீர்கள். அப்பிச்சி கடைசி வரைக்கும் அப்படித்தான் எழுதினார்.

சீர்திருத்தம் சரியானதுதான். அச்சுக்கும் டைப்ரைட்டருக்கும் எத்தனையோ சுலபம். நான் படித்ததும் புது எழுத்தில்தான். ஆனால் எங்கள் பஸ் போர்டுகளை யோசித்துப் பாருங்கள். மேட்டுப்பாளையம், கோபிசெட்டிபாளையம், பெரியநாயக்கன்பாளையம். கொங்கு நாட்டில் தடுக்கி விழுந்தால் ஒரு பாளையம். அத்தனை ‘ளை’யிலும் ஒரு தும்பிக்கை இருந்தது. மருதமலை, சென்னிமலை, சிவன்மலை, அத்தனை ‘லை’யிலும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆனைமலை. ஒரு ‘னை’, ஒரு ‘லை’. ஆனைமலை என்று எழுதினால் பேரிலேயே ரெண்டு தும்பிக்கை! இதைவிட விளையாட்டான எழுத்தை எவர் வரைந்துவிட முடியும்?

பாடப் புத்தகத்துக்கு அந்தத் தும்பிக்கை வேண்டாம். அலுவலகக் கடிதத்துக்கு வேண்டாம். ஆனால் ஒரு பொம்மைக் கடை போர்டுக்கு, குழந்தைகள் பத்திரிகையின் தலைப்புக்கு, திருப்பூரில் அடிக்கிற ஒரு டீ-ஷர்ட்டுக்கு, மாற்று வடிவமாக அந்த நாலு எழுத்தையும் உள்ளே வைத்துக் கொடுங்கள். விளையாட்டு எழுத்து என்றால் குண்டாக இருப்பது மட்டும் இல்லை. அந்த ஊர், அந்த மொழி எப்படியெல்லாம் விளையாடியது என்று ஞாபகம் வைத்திருப்பதும்தான்.

இன்னொன்று, ஹனீஃப் குரேஷி செய்தது. 2024-ல் மறைந்துபோன அந்த தில்லிக் கலைஞர், தெருவில் போர்டு எழுதுகிற பெயின்டர்களின் எழுத்துக்களை வாங்கி, அவரவர் பெயரிலேயே ஃபான்ட் ஆக்கினார். அவர் சேர்ந்து தொடங்கிய ‘ஸ்டார்ட் இந்தியா’ அமைப்புதான் 2020-ல் எங்கள் உக்கடம் குடியிருப்புச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரைய ஏற்பாடு செய்தது. சுவருக்கு வந்தது எழுத்துக்கும் வரவேண்டாமா? நாமக்கல் லாரி எழுத்துக்கு ஒரு ஃபான்ட், டவுன் பஸ் எழுத்துக்கு ஒரு ஃபான்ட். அதை எழுதின கைகளில் பல இன்னும் இருக்கின்றன. வயசாகிக்கொண்டு இருக்கின்றன.

* * *

அந்த நிபந்தனையைச் சொல்கிறேன் என்றேனே. பெரிதாக ஒன்றும் இல்லை. ‘எதுக்குங்க?’ என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது. அவ்வளவுதான். கடைக்காரர் கேட்காவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். நாம் ஒரு வீட்டுக்குள் நுழையும்போது கல்யாண வீடா, துக்க வீடா என்று தெரிந்துகொண்டுதானே முகத்தை வைத்துக்கொள்கிறோம்? எழுத்துக்கும் முகம் உண்டு.

போன மாசம் அதே கிராமத்தில் இன்னொரு விசேஷம். என் மாமா பேத்திக்கு, அதாவது அப்பிச்சியின் கொள்ளுப்பேத்திக்குக் காதுகுத்து. ஃப்ளெக்ஸ் வேலை மறுபடியும் என் தலையில். இந்தத் தடவை போன் போடவில்லை. நேரில் போய்ப் பையன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ‘‘என்ன விசேஷங்ணா?’’ என்றான். சொன்னேன். பலூ தம்பியைப் போடச் சொன்னேன். குழந்தை பெயரைப் பெரிதாக, மஞ்சளில். நாள், நேரம், இடம் மட்டும் பக்கத்தில் சாதுவான ஒரு எழுத்தில். ஒரே ஃப்ளெக்ஸில் ரெண்டு குரல்.

காலையில் அதே சந்து முனை. அதே பாட்டி, குச்சி ஊன்றிக்கொண்டு வந்தார். வயசு ஒன்று கூடியிருந்தது. நின்று, கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு ஃப்ளெக்ஸை அண்ணாந்து பார்த்தார். நான் பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி நின்றேன்.

‘‘சிரிக்குதல்லோ’’ என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

‘‘இப்பச் செரி, கண்ணு.’’